பார்லருக்கு நாமே சாயப் பொடி கொண்டுபோனால் பூசிவிடுவார்களா? (பி.பி.டி. அலர்ஜி)

நெல்லைக்காரி

வணக்கம். அம்மாவுக்கு 62 வயது. தோள் வரைக்கும் முடி, முன்நெற்றியிலும் காதோரத்திலும் பாதிக்கு மேல் நரை. தோல் டாக்டர் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் அலர்ஜிச் சோதனை) செய்து, பி.பி.டி. என்ற தலைச்சாயப் பொருளுக்கு அலர்ஜி என்று உறுதிப்படுத்திவிட்டார். கடையில் விற்கும் கறுப்புச் சாயம் எதுவும் இனி கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறார். தோள்வலியால் அம்மாவே பூசிக்கொள்ள முடியாது. பின்தலையில் வகிடு வகிடாகப் பிரித்துப் பூச எனக்கும் கைவராது. அதனால் மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும் வாங்கிக்கொண்டுபோய் ஏதாவது ஒரு பார்லரில் கொடுத்துப் பூசச் சொல்லலாம் என்று இருக்கிறோம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: வாடிக்கையாளர் கொண்டுவரும் பொருளை பார்லரில் ஏற்பார்களா? அதற்குக் கட்டணம் எப்படிப் போடுவார்கள்? பொடி எவ்வளவு தேவை, அங்கே போய்க் கலப்பதா, வீட்டிலேயே கலந்து எடுத்துப்போவதா? பொடி தவிர வேறு என்ன கையோடு கொண்டுபோக வேண்டும்?

மதுரை பார்லர் அக்கா

பூசுவோம்மா. நாங்களும் பண்றோம், தெரிஞ்ச கடைங்க பலதும் பண்றாங்க. ஆனா திடீர்னு பொட்டலத்தோட வந்து நின்னா எந்தக் கடையிலயும் முகம் சுளிக்கத்தான் செய்வாங்க. முதல்லயே போன் பண்ணி, "சாயம் எங்களுது, உங்க கைவேலை மட்டும் வேணும், டாக்டர் சொல்லி இருக்கார்"னு இந்த மூணையும் சொல்லிடுங்க. மூணாவது ரொம்ப முக்கியம். அதைச் சொல்லலைன்னா காசு மிச்சம் பிடிக்க வந்திருக்காங்கன்னு நினைச்சுக்குவாங்க. அலர்ஜின்னு தெரிஞ்சா அக்கறையா செய்வாங்க, இல்ல பயந்து முடியாதுன்னு சொல்லிடுவாங்க. முடியாதுங்கிற பதிலை முன்னாடியே வாங்கிக்கிறதும் நல்லதுதான்.

காசு விஷயம்: இதுக்கு அப்ளிகேஷன் சார்ஜ்னு தனியா போடுவோம். பொருளோட விலை அதுல வராது, ஆள்கூலியும் உட்கார்ற நேரமும்தான் கணக்கு. ஹெட் வாஷ் அதுல சேர்த்தியா, தனியான்னு கேட்டுக்கோங்க. சண்டை வர்ற இடமே அதுதான். பில் போடற கடைன்னா ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 5 சதவீதம். முன்னாடி 18 இருந்துச்சு, பழைய கணக்குல யாராவது கேட்டா சொல்லுங்க.

உண்மையில கடைக்காரங்களுக்கு இடைஞ்சல் பொடி இல்ல, நேரம். மருதாணி தலையில ரெண்டு மூணு மணி நேரம் இருக்கணும், அப்புறம் அலசிட்டு அவுரி இன்னொரு மணி நேரம். அரை நாளுக்கு ஒரு நாற்காலி போச்சு. அதனால நான் சொல்ற வழி இது: கடையில பூச்சு மட்டும். நாலு பாகமா பிரிச்சு, பிடரியிலேர்ந்து மேலே ஒரு சென்டிமீட்டர் வகிடா எடுத்துப் பூச அரை மணியிலேர்ந்து முக்கால் மணி ஆகும். தலையில பிளாஸ்டிக் கேப்பை மாட்டி, மேலே பழைய துண்டு ஒண்ணைச் சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம், அலசறது வீட்டுல. அவுரிக்கு மறுநாள் ஒரு தடவை வாங்க. இப்படிக் கேட்டா ரெண்டு தடவை சார்ஜ் வாங்கினாலும் நிறைய பேர் ஒத்துக்குவாங்க. சனி, ஞாயிறு, முகூர்த்த நாள் மட்டும் வேண்டாம். செவ்வாய், புதன் காலையில கடை திறந்ததும் முதல் ஆளா வர்றது நல்லது.

அலசறதும் கடையிலதான்னா இன்னொண்ணு இருக்கு. சலிக்காத மருதாணிப் பொடி பேசின் குழாயை அடைச்சுக்கும். அதுக்கே நிறைய பேர் மறுப்பாங்க. மெல்லிசு துணியில சலிச்ச பொடியா கொண்டுவாங்க, முதல் அலசலை பக்கெட்ல பண்ணச் சொல்லுங்க.

மருந்துக்கடை

பார்லரில் பேசுவதற்கு முன்னால் வாங்கிவைத்திருக்கும் பொடியைப் பாருங்கள். பி.பி.டி. அலர்ஜி உள்ளவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது "ஹெர்பல்", "ஆயுர்வேதிக்", "பிளாக் மெஹந்தி" என்று எழுதிய பாக்கெட்டுகளில்தான். அவற்றில் பலவும் மருதாணித் தூளோடு பி.பி.டி. கலந்தவை.

சுத்தமான மருதாணியால் நரையைக் கறுப்பாக்கவே முடியாது. அதிலுள்ள லாசோன் என்ற நிறமி நரையை ஆரஞ்சு அல்லது செம்பட்டை நிறமாக்கும், அவ்வளவுதான். ஆகவே மருதாணி என்று பெயர் போட்டுவிட்டு, ஒரே பாக்கெட்டில் பதினைந்து இருபது நிமிடத்தில் கறுப்பு என்று சொன்னால் உள்ளே வேறு சாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொடி பச்சையாகவோ பச்சை கலந்த பழுப்பாகவோ இருக்க வேண்டும், காய்ந்த தழை மணம் வர வேண்டும். அவுரியும் பச்சைதான். பாக்கெட்டைத் திறந்ததுமே பொடி கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ இருந்தால் தொடவேண்டாம்.

லேபிளில் தேட வேண்டியவை: பாரா ஃபீனைலீன் டைஅமீன், பி.பி.டி. என்பதன் முழுப்பெயர் இதுதான். இதையே 1,4-பென்சீன் டைஅமீன் என்றும் எழுதுவார்கள். டொலுயீன்-2,5-டைஅமீன் இதன் நெருங்கிய உறவு, பி.பி.டி. ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. பாரா அமினோஃபீனால் இன்னொன்று. "பர்கண்டி" போன்ற நிற மருதாணிகளில் சோடியம் பிக்ரமேட் சேர்ப்பதுண்டு, அதுவும் வேண்டாம். எழுத்து பொடியாக இருந்தால் எச்சரிக்கை வாசகத்தைப் பாருங்கள். தோலில் எரிச்சல் உண்டாக்கலாம், முன்னதாகச் சோதித்துப் பார்க்கவும், புருவத்துக்கும் இமைக்கும் போடக்கூடாது என்ற வாசகத்தை பி.பி.டி. முதலான சாயப்பொருள் உள்ள பாக்கெட்டுகளில் அச்சிட்டாக வேண்டும் என்பது இந்தியச் சட்டம். "முழுக்க மூலிகை" என்று முன்பக்கம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் இந்த வாசகம் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

வீட்டில் ஒரு சோதனையும் உண்டு, தோலில் அல்ல. சீப்பில் உதிரும் நரைமுடியைச் சேர்த்து நூலால் ஒரு குச்சமாகக் கட்டுங்கள். மருதாணிப் பொடியைத் தண்ணீரில் மட்டும் குழைத்து, கையுறை போட்டுக்கொண்டு, அந்தக் குச்சத்தில் பூசி அரை மணி நேரம் கழித்து அலசுங்கள். இளமஞ்சளோ ஆரஞ்சோ வந்தால் பொடி மருதாணிதான். கறுத்தால் குப்பையில் போடுங்கள். சந்தேகமான பொடியை அம்மாவின் முழங்கை மடிப்பில் தடவிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். உறுதியான அலர்ஜி உள்ளவருக்குச் சின்னப் பொட்டளவு பட்டாலும் தோல் கொப்பளிக்கும். குச்சச் சோதனையில் தேறிய பொடியை வேண்டுமானால் கொஞ்சமாகத் தடவி 48 மணி நேரம் பார்க்கலாம், அதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

சாயக்கிண்ணம்

நான் பார்லர் கலர் வேலையில் இருப்பவள். மேலே இரண்டு பேரும் பொடியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு ஆபத்து வரக்கூடிய இன்னொரு வழி உண்டு, அதை யாரும் நினைப்பதில்லை. அது பார்லரின் கிண்ணமும் பிரஷும்.

டின்டிங் பிரஷின் மயிர்க்கால் அடியில் பழைய சாயம் எப்போதும் தங்கியிருக்கும், எவ்வளவு அலசினாலும் முழுக்கப் போகாது. பிளாஸ்டிக் கிண்ணத்தின் கீறல்களிலும் அப்படித்தான். முந்தின வாடிக்கையாளருக்குக் கறுப்பு அடித்த கையுறையோடே அடுத்தவர் தலையைத் தொடுவதும் அவசர நாளில் நடக்கும். அதனால் பொடியை மட்டும் கொண்டுபோனால் போதாது. கொண்டுபோக வேண்டியவை: புது பிரஷ், புதுக் கிண்ணம், வால் சீப்பு, நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி, நாலைந்து கிளிப், வீட்டுத் துண்டு இரண்டு (அடர்நிறம்), தலைக்கேப், வாசலீன். கழுத்தில் சுற்றும் கேப்பிலும் பேசினில் பிடரி படும் இடத்திலும் பழைய சாயம் ஒட்டியிருக்கலாம், முதலில் உங்கள் துண்டைப் போட்டு அதன்மேல் கேப்பைப் போடச் சொல்லுங்கள். காலையில் முதல் ஆளாகப் போவது இதற்கும் நல்லது, அப்போது யார் கையிலும் சாயம் இருக்காது.

அளவு. தோள் வரை முடிக்கு மருதாணி 100 கிராம், அவுரி 100 முதல் 150 கிராம். அடுத்தடுத்த முறை வேர் மட்டும் என்றால் தலா 50 கிராம் தாராளம். மருதாணிக்குத் தண்ணீர் சுமார் 300 மி.லி., கொஞ்சம் கொஞ்சமாக விட்டு தோசை மாவுப் பதத்தில் நிறுத்துங்கள். அதில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு போதும். அதிகம் ஊற்றினால் தலை அரிக்கும், முடி வறளும். நம் ஊர் வெயில் காலத்தில் மூடி வைத்தால் மூன்று நாலு மணி நேரத்தில் சாயம் இறங்கிவிடும், குளிர்ந்த நாளில் எட்டு மணி நேரம் ஆகலாம். மேற்பரப்பு பழுப்பாகி, உள்ளே கிளறினால் பச்சையாக இருந்தால் தயார். இதை வீட்டிலேயே கலந்து எடுத்துப்போகலாம்.

அவுரி நேர் எதிர். அதைக் கலந்து எடுத்துப்போகவே கூடாது. பொடியாகக் கொண்டுபோய், மருதாணி அலசிய பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் மேலே நீலம் படரும். அப்போதே பூசத் தொடங்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் போனால் வீரியம் இறங்கிவிடும். எலுமிச்சை இதில் ஒரு சொட்டும் கூடாது. "அவுரி பிடிக்கவே இல்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை வீட்டிலிருந்து கலந்து டப்பாவில் கொண்டுவந்தவை. மீதி, எண்ணெய்த் தலையில் பூசியவை. இரண்டு நாள் முன்பிருந்தே தலைக்கு எண்ணெய் வைக்காமல், அன்று காலை ஷாம்பு மட்டும் இரண்டு முறை போட்டு அலசி, கண்டிஷனர் போடாமல் போக வேண்டும். சீயக்காய் போட்டால் தூள் தங்கும், அந்த ஒரு நாளைக்கு ஷாம்பே இருக்கட்டும்.

தயிர், முட்டை, எண்ணெய் எல்லாம் மருதாணியில் சேர்க்க வேண்டாம், சாயம் முடியைத் தொடுவதைத் தடுக்கும். காபித் தூளால் நிறம் பெரிதாகக் கூடுவதில்லை. நெல்லிப்பொடி சேர்த்தால் செம்மை கொஞ்சம் மட்டுப்படும், அது பரவாயில்லை. இரும்புச் சட்டியில் ஊறவைப்பது அடர்ந்த நிறம் தரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரும்பு முடியில் தங்கும். அதே முடியில் பின்னால் யாராவது பெராக்சைடு கலந்த கலரோ ப்ளீச்சோ போட்டால் சூடேறி முடி முறியலாம். அம்மா இனி அந்தப் பக்கமே போகப்போவதில்லை என்பதால் அவருக்குச் சிக்கல் இல்லை. வீட்டில் மற்றவர்கள் அதே கலவையைப் பூசிக்கொண்டு மறுமாதம் ஹைலைட்ஸ் போடப் போனால்தான் வினை.

நெல்லைக்காரி

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பார்லர் ஒன்றில் விசாரித்தபோது "எங்களிடம் அமோனியா இல்லாத கலர் இருக்கிறது, அது யாருக்கும் ஒன்றும் செய்யாது, பொடியெல்லாம் எதற்கு" என்கிறார்கள். சரியா? இன்னொன்று, அம்மா முடியின் கீழ்ப்பாதியில் பழைய கறுப்புச் சாயம் இன்னும் இருக்கிறது, அதன்மேல் மருதாணி பூசலாமா? வீட்டில் ஒரு வளைகாப்பு வருகிறது, எத்தனை நாள் முன்னால் செய்வது?

மருந்துக்கடை

அமோனியா இல்லாதது என்பதற்கும் பி.பி.டி. இல்லாதது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அமோனியாவின் வேலை முடியின் மேல்செதிலைத் திறப்பது. அதற்குப் பதில் எத்தனாலமீன் போட்டால் நாற்றம் குறையும், கண் எரியாது. அமோனியா போன பிறகும் நிறம் தருகிற பி.பி.டி. அல்லது அதன் உறவுப் பொருள் அப்படியே இருக்கும். மூச்சு, கண் எரிச்சலுக்கு அமோனியா இல்லாத கலர் உதவும், அம்மாவுக்கு இருப்பது தோலின் ஒவ்வாமை. ட்யூபையோ டப்பாவையோ வாங்கிப் பார்த்து, நான் மேலே எழுதிய பெயர்கள் இருக்கிறதா என்று படியுங்கள். தர மறுத்தால் அந்தக் கடை வேண்டாம்.

இந்த அலர்ஜி உடனே காட்டாது, பூசி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வரும். நெற்றியோரம், காது, பிடரி சிவந்து நீர் வடியும், கண்ணிமை வீங்கும். "போன தடவை லேசாகத்தானே அரித்தது" என்று கணக்குப் போடக் கூடாது, ஒவ்வொரு முறையும் முந்தினதைவிட மோசமாகலாம். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பி.பி.டி. ஒத்துக்கொள்ளாத சிலருக்கு மரப்பு மருந்தான பென்சோகைனும் ஒத்துக்கொள்ளாது. பல் டாக்டரிடம் போகும்போது இதையும் சொல்லிவையுங்கள்.

சாயக்கிண்ணம்

பழைய சாயத்தின் மேல் சுத்தமான மருதாணி, அவுரி பூசலாம், தடையில்லை. அந்தச் சாயம் ஏற்கெனவே முடிக்குள் இறுகிப்போனது. கீழ்ப்பாதி ஏற்கெனவே கறுப்பாக இருப்பதால் அங்கே பொடியை வீணாக்காமல் வேரிலிருந்து புது வளர்ச்சி வரைக்கும் பூசினால் போதும், இரண்டு நிறமும் சேர்கிற இடத்தில் மட்டும் பழைய சாயத்தின் மேலும் ஒரு விரற்கடை படும்படி பூசச் சொல்லுங்கள்.

நாள்: விழாவுக்கு நாலைந்து நாள் முன்னால். அவுரி அலசியதும் நரை பச்சை கலந்த நீலமாகத் தெரியும், பயந்துபோய் ஷாம்பு போட்டுவிடாதீர்கள். காற்றுப் பட்டு இரண்டு மூன்று நாளில் அடர்ந்து கறுப்புக்கு வரும். முதல் 48 மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். கறுப்பு வேண்டாம், பழுப்பே போதும் என்றால் இரண்டு வேளை வேண்டியதில்லை. ஊறின மருதாணி ஒரு பங்குக்கு, அப்போது கலந்த அவுரி இரண்டு பங்கு சேர்த்து ஒரே பூச்சாக இரண்டு மூன்று மணி நேரம் வைக்கலாம். பார்லருக்கு ஒரு முறை போனால் முடிந்தது. 62 வயதுக்கு அந்தப் பழுப்பு உண்மையில் எடுப்பாக இருக்கும் என்பது என் எண்ணம், கரிய கறுப்பைவிட முகத்துக்கு இதம். வேரில் வெள்ளை தெரியும்போதும் அவ்வளவு பளிச்சென்று தெரியாது.

கோவைத்தம்பி

பொதுவாக ஒரு கேள்வி, அலர்ஜி எல்லாம் இல்லை. கடையில் 150 ரூபாய்க்கு ஹேர் கலர் பாக்கெட் கிடைக்கிறது, அதையே சலூனில் கொடுத்துப் போடச் சொன்னால் சில பேர் மறுக்கிறார்கள். பொருள் விற்கிற லாபம் போய்விடும் என்பதற்காகத்தானே?

சாயக்கிண்ணம்

லாபமும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மட்டும் இல்லை தம்பி. நீங்கள் கொண்டுவரும் டப்பாவில் டெவலப்பர் (சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு) ஒரே வலுவில்தான் வரும், பெரும்பாலும் 6 சதவீதம், அதாவது 20 வால்யூம். வேரில் நரைக்கு அது சரி. ஏற்கெனவே நாலைந்து தடவை சாயம் ஏறிய நுனிக்கு 3 சதவீதமே அதிகம். பார்லர் ட்யூப் என்றால் வேருக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று என்று நாங்கள் மாற்றிக் கலப்போம், டப்பாவில் அதற்கு வழியில்லை. நுனி மையிருட்டாகவும் வேர் பழுப்பாகவும் வந்தால் பழி பூசினவர் தலையில்.

பார்லர் ரக ட்யூபை ஆன்லைனில் வாங்கிக் கொண்டுவருகிறவர்கள் இப்போது நிறைய. அவர்களுக்கு இரண்டு விஷயம். முதலாவது எண். 4 என்றால் பழுப்பு, 5 என்றால் வெளிர்பழுப்பு, இது எல்லாக் கம்பெனிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடுத்த எண் அப்படி இல்லை. லோரியலில் புள்ளிக்குப் பின் வரும் 4 செம்பு, வெல்லாவில் சாய்கோட்டுக்குப் பின் வரும் 4 சிவப்பு, ஷ்வார்ஸ்காஃப் இகோராவில் அது பீஜ். ஒரு கம்பெனி சார்ட்டில் பார்த்த எண்ணை இன்னொரு கம்பெனியில் வாங்கிக் கொண்டுவந்து "இந்த நிறம் இல்லையே" என்றால் நாங்கள் என்ன செய்வது. இரண்டாவது கலவை. லோரியல் மாஜிரெல்லுக்கு ஒன்றுக்கு ஒன்றரை, 50 மி.லி. ட்யூபுக்கு 75 மி.லி. டெவலப்பர். இகோரா ராயலுக்கும் வெல்லா கோல்ஸ்டனுக்கும் ஒன்றுக்கு ஒன்று. டெவலப்பரையும் அதே கம்பெனியில் வாங்கி, சீல் உடைக்காமல் கொண்டுவாருங்கள். பாதி தீர்ந்த பாட்டில் எவ்வளவு நாள் திறந்து கிடந்தது என்று எனக்குத் தெரியாது. பெராக்சைடு வலுக் குறைந்திருந்தால் நரை மூடாது. வலு கூடினால் நரை நன்றாக மூடும் என்று 12 சதவீதம் வாங்கி வருகிறவர்களும் உண்டு. நரைக்கு 6 தான். 12 சதவீதம் நிறத்தை வெளுக்கும், மண்டையை எரிக்கும்.

மீந்த கலவையை மூடி போட்டு எடுத்துப்போகக் கேட்காதீர்கள். அது வாயு விட்டுக்கொண்டே இருக்கும், இறுக மூடினால் டப்பா வெடிக்கும். அடுத்த நாளைக்கு அதில் நிறமும் மிஞ்சாது. ட்யூபில் கலக்காமல் மீந்ததைக் காற்றை வெளியே தள்ளி மூடிவைத்தால் கொஞ்ச நாள் வரும்.

நான் எந்தச் சூழலிலும் தொடாதது வாடிக்கையாளர் கொண்டுவரும் கெரட்டின், ஸ்மூத்தனிங் பாட்டில்கள். அதை 200 டிகிரிக்கு மேல் அயர்ன் வைத்து இறுக்க வேண்டும். ஃபார்மால்டிஹைடு உள்ளதென்றால் அந்தப் புகையை மூச்சில் இழுப்பது பூசுகிற நானும் பக்கத்து நாற்காலிக்காரரும்தான். "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று போட்டு கிளையாக்ஸிலிக் ஆசிட் வைத்திருப்பவையும் சூட்டில் அதையே வெளிவிடலாம். அந்த ஆசிட் சிறுநீரகத்தைப் பாதித்த ஒரு பெண்ணைப் பற்றி 2024-இல் மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. முன்பு ரீபாண்டிங் செய்த முடியா, எந்த மருந்தில் செய்தது என்று தெரியாமல் இன்னொரு மருந்தை ஏற்றினால் முடி கையோடு வந்துவிடும். மறுக்கிற கடையைக் குறை சொல்லாதீர்கள்.

சுருள்முடி

சாயமே வேண்டாம், வெட்டத்தான் போகிறேன். ஸ்மூத்தனிங் செய்தவர்களும் சுருள்முடிக்காரர்களும் ஷாம்பு, ஜெல் மட்டும் கொண்டுபோகலாமா? சின்ன விஷயத்துக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மதுரை பார்லர் அக்கா

இதுக்கு என்ன கூச்சம், இதுதான் ரொம்பச் சுலபம். சாயத்துக்கு மறுக்கிற கடைகூட ஷாம்புக்கு ஒண்ணும் சொல்லாது. ஹெட் வாஷ் சார்ஜ் மட்டும் குறையாது, கேட்டுப் பார்க்காதீங்க.

பெரிய பாட்டிலைத் தூக்கிட்டு வர வேண்டாம். 50 மி.லி. சின்ன பாட்டில்ல ஊத்தி, மேலே ஷாம்பு, கண்டிஷனர்னு எழுதி ஒட்டிடுங்க. பேசின்ல தலை சாய்ஞ்ச பிறகு நீங்க எதையும் பார்க்க முடியாது, அசிஸ்டென்ட் பொண்ணு கைக்கு வர்றதைத்தான் எடுக்கும். சல்ஃபேட் இல்லாத ஷாம்புன்னா "நுரை வராது, ரெண்டு தடவை அழுத்தினா போதும், தண்ணி நிறைய விடு"ன்னு முதல்லயே சொல்லுங்க. இல்லைன்னா நுரை வரலையேன்னு பாதி பாட்டிலை ஊத்திட்டு, கடைசியில எங்க ஷாம்பையே ஒரு கை எடுத்துப் போட்டுடும். ஸ்மூத்தனிங் பண்ணின முடிக்கு அந்த ஒரு கைதான் கேடு. பொடுகுக்கு கீட்டோகோனசோல் ஷாம்புன்னா மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம் ஊறணும். கடையில யாரும் நிறுத்தி வைக்க மாட்டாங்க, அதனால அதை வீட்டுலயே போட்டுட்டு ஈரத்தலையோட வாங்க.

சுருள்முடிக்கு லீவ்-இன் (அலசாம விடற கண்டிஷனர்), ஜெல் ரெண்டும் கொண்டுவாங்க. தலை சொட்டச் சொட்ட ஈரமா இருக்கும்போதே போடணும்னு சொல்லணும். எங்க பழக்கம் துண்டால துவட்டி, சீப்பு போட்டு, ட்ரையரை முழு வேகத்துல வைக்கிறது. ட்ரையர் முனையில மாட்டி காத்தைப் பரப்பற டிஃப்யூசர் எல்லாக் கடையிலயும் கிடையாது, இருந்தா கொண்டுவாங்க. வெட்டறதுக்கு முன்னாடி ஜெல் போட்டுட்டு வந்துடாதீங்க, முடி எங்கே சுருளுதுன்னு தெரியாம நீளம் தப்பாகும்.

நெல்லைக்காரி, அம்மாவுக்குக் கூட்டிட்டுப் போறப்ப டாக்டர் சீட்டோட போட்டோ ஒண்ணை கடைக்காரங்க வாட்சப்புக்கு முந்தின நாளே அனுப்பிடுங்க, பொடி பாக்கெட்டோட பின்பக்கத்தையும். அன்னைக்கு யார் கைவேலைன்னு பேர் கேட்டு வச்சுக்கோங்க. நீங்க போனில பேசினது ஒருத்தர்கிட்ட, பூசறது இன்னொருத்தரா இருக்கும். அவுரி கலக்க வெதுவெதுப்பான தண்ணி வேணும்னும் சொல்லிடுங்க. எங்க கடையில மாதிரி பல இடத்துல கீசரை முதல் ஹெட் வாஷ் வந்த பிறகுதான் போடுவாங்க.